படிக்கப் போனவரின் உதவித்தொகையை நிறுத்தாதீர்கள்

தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்



படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருப்பவர்களுக்கு நம் அரசு ஓர் உதவித்தொகை தருகிறது. அதற்கு விண்ணப்பிக்கச் சொல்லி மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் அவ்வப்போது செய்திக்குறிப்பு வெளியிடுகின்றன. தகுதிகளை அடுக்கிச் சொல்லிக்கொண்டே வரும் அந்தக் குறிப்பின் கடைசிப் பகுதியில், அன்றாடம் கல்வி நிறுவனத்துக்குச் சென்று படிப்பவர் விண்ணப்பிக்கக் கூடாது என்றும், தொலைதூரக் கல்வியிலோ அஞ்சல்வழிக் கல்வியிலோ படிப்பவர் விண்ணப்பிக்கலாம் என்றும் ஒரு நிபந்தனை இருக்கும். அதை மாற்றச் சொல்லிக் கேட்கவே இதை எழுதுகிறேன். நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரில் இந்த விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாமல் வரும் பிள்ளைகளுக்கு நிரப்பிக் கொடுத்துவருகிறேன்.

திட்டத்தின் அளவை முதலில் நினைவூட்டுகிறேன். பத்தாம் வகுப்பில் தேறாதவருக்கு மாதம் 200 ரூபாய். தேறியவருக்கு 300. பிளஸ் டூ முடித்தவருக்கு 400. பட்டதாரிக்கு 600. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் வரும். மூன்று ஆண்டுகளோடு நின்றுவிடும். ஒரு பட்டதாரி முழுக்க வாங்கினாலும் மொத்தம் 21,600 ரூபாய்தான். நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த ஒரு நாள் கூலி 336 ரூபாய். பட்டதாரியின் ஒரு மாத உதவித்தொகை, வெயிலில் மண் வெட்டுகிறவரின் இரண்டு நாள் கூலிக்குக் குறைவு. மாற்றுத்திறனாளிகளுக்குக் கொஞ்சம் கூடுதலாக 600, 750, 1,000 என்று பத்தாண்டு வரை தருகிறார்கள்.

இந்தச் சிறு தொகை எளிதில் கிடைத்துவிடுவதும் இல்லை. மாற்றுத்திறனாளி அல்லாதவர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்துக்கொண்டே வர வேண்டும். வயது 40ஐத் தாண்டக் கூடாது. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 45. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதாவது வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் மாதம் 6,000 ரூபாய். பொறியியல், மருத்துவம், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்பட்டம் பெற்றவர்களுக்கு இது கிடையாது. சம்பள வேலையிலோ சுயதொழிலிலோ இருக்கக் கூடாது. இத்தனையும் தாண்டி ஒருவர் இந்தத் தொகையை வாங்குகிறார் என்றால் அவர் ஏழை, வேலை இல்லாதவர், ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் காத்திருந்தவர் என்பதை அரசே விசாரித்து ஒப்புக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

அப்படி ஒப்புக்கொள்ளப்பட்டவர் இனியும் காத்திருந்து பயனில்லை, இன்னொரு படிப்பு படித்தால் ஒரு வழி பிறக்கும் என்று முடிவெடுத்து வகுப்பறைக்குள் நுழைந்தால், அந்த மாதத்தோடு உதவி நிற்கிறது. அவருடைய வறுமை அப்படியே இருக்கிறது. வேலையின்மையும் அப்படியே இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தது கல்லூரிக் கட்டணமும் நோட்டுப் புத்தகச் செலவும் மட்டும்தான். பணம் எப்போது மிகவும் தேவையோ அப்போது பார்த்து அது நின்றுபோகிறது.

என்னிடம் படித்த இரண்டு பெண்கள் ஒரே தெருவைச் சேர்ந்தவர்கள். இருவரும் வரலாற்றுப் பட்டதாரிகள், இருவருக்கும் 600 ரூபாய் வந்துகொண்டிருந்தது. ஒருத்தி தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. சேர்ந்தாள். இன்னொருத்தி வீட்டில் இருந்த ஆடுகளை விற்று, உறவில் கொஞ்சம் கடன் வாங்கி, பி.எட். சேர்ந்தாள். முதலாமவளுக்குப் பணம் தொடர்ந்தது, இரண்டாமவளுக்கு நின்றது. அலுவலகத்தில் யாரும் தவறு செய்யவில்லை. விதி சொன்னதைத்தான் செய்தார்கள். பி.எட். படிப்பில் ரெக்கார்டு நோட்டு, சார்ட், கற்பித்தல் பயிற்சிக்கு வேண்டிய பொருட்கள் என்று மாதாமாதம் கைக்காசு போய்க்கொண்டே இருக்கும். அந்த 600 ரூபாய் இதற்கெல்லாம் ஆகும் என்று நம்பித்தான் அவள் சேர்ந்திருந்தாள். “படிக்கப் போனா வேலை கிடைச்ச மாதிரியா சார்?” என்று என்னிடம் கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களிடம் அந்தக் கேள்வியை அனுப்பி வைக்கிறேன்.

தொலைதூரக் கல்வியைத்தான் அனுமதிக்கிறோமே, அதில் படிக்கலாமே என்று சிலர் சொல்கிறார்கள். ஆனால் வேலைக்கு நேராக அழைத்துப்போகும் படிப்புகள் பெரும்பாலும் அஞ்சல்வழியில் கிடைப்பதில்லை. ஃபிட்டர், வெல்டர், எலெக்ட்ரீஷியன் வேலையைத் தபாலில் கற்க முடியாது. செவிலியர் படிப்பையும் அப்படிக் கற்க முடியாது. பி.எட். தொலைதூர முறையில் இருக்கிறது என்றாலும், தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிகளின்படி அதில் சேர ஏற்கெனவே பணியில் இருக்கும் தொடக்கக் கல்விப் பயிற்சி பெற்ற ஆசிரியராகவோ, நேரடி வகுப்பில் ஓர் ஆசிரியர் பயிற்சியை முடித்தவராகவோ இருக்க வேண்டும். வெறும் பி.ஏ. முடித்து வேலையில்லாமல் இருக்கும் பெண்ணுக்கு நேரடிக் கல்லூரியைத் தவிர வேறு வழியே இல்லை. அந்தப் படிப்பும் 2015-16 முதல் இரண்டு ஆண்டு. பட்டதாரி ஆசிரியர் பணிக்கு அது இல்லாமல் விண்ணப்பிக்கவே முடியாது. ஆக, இன்றைய விதி ஏழைப் பிள்ளைகளைத் தொழில் தரும் படிப்பிலிருந்து விலக்கி, இன்னொரு பட்டச் சான்றிதழை மட்டும் தரும் படிப்பை நோக்கித் தள்ளுகிறது. இப்படி ஆக வேண்டும் என்று எண்ணி இதை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

வேலையில்லாதவருக்கு உதவி என்றால் அவர் நாளைக்கே அழைத்தாலும் வேலைக்கு வரத் தயாராக இருக்க வேண்டும், வகுப்பில் உட்கார்ந்திருப்பவர் எப்படி வருவார் என்பதுதான் இந்த நிபந்தனைக்கு அடிப்படை. மேல்நாடுகளின் காப்பீட்டுத் திட்டங்களில் அந்த வாதத்துக்கு ஓர் அர்த்தம் உண்டு. அங்கே வேலை தேடுகிறாரா என்று அடிக்கடி விசாரிப்பார்கள், வேலை காட்டுவார்கள், மறுத்தால் நிறுத்துவார்கள். நம் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவேட்டில் என்ன நடக்கிறது? போருக்குப் போய்த் திரும்பிய படைவீரர்களுக்கு வேலை தேடித் தருவதற்காக 1945இல் தொடங்கிய ஏற்பாடு இது. 1956இல் மாநிலங்களின் நிர்வாகத்துக்கு வந்தது. காலியிடங்களை அலுவலகத்துக்குக் கட்டாயம் தெரிவிக்கும் சட்டம் 1959இல் வந்தது. என் இளமையில் “கார்டு வந்துச்சா?” என்பது ஊரில் வழக்கமான விசாரிப்பு, இன்டர்வியூ கார்டு வந்த வீட்டில் அன்றைக்குப் பாயசம் வைப்பார்கள். ஆசிரியர் நியமனம் பதிவு மூப்பின்படி நடந்த காலமும் உண்டு. 1996இல் உச்ச நீதிமன்றம், வேலைவாய்ப்பு அலுவலகம் அனுப்பும் பட்டியலோடு நிற்காமல் நாளிதழ் முதலியவற்றிலும் அறிவித்து மற்றவர்களின் விண்ணப்பத்தையும் பரிசீலிக்க வேண்டும் என்றது. இப்போது டி.என்.பி.எஸ்.சி., ஆசிரியர் தேர்வு வாரியம், சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் என்று எல்லாமே போட்டித் தேர்வு. ஆசிரியர் தகுதித் தேர்வு 2012இல் தொடங்கியது. பதிவு செய்துவிட்டு வீட்டில் இருப்பவருக்குக் கார்டு வந்து வேலை கிடைப்பது அரிதாகிவிட்டது. அழைப்பு அனுப்ப முடியாத அரசு, அழைத்தால் வருவாரா என்று சோதிப்பது நியாயமில்லை. அப்படியே ஒரு நல்ல அழைப்பு வந்தாலும், ஐந்தாறு ஆண்டு காத்திருந்த எவரும் வகுப்பை விட்டுவிட்டு ஓடித்தான் வருவார்கள்.

வேலைவாய்ப்பு அலுவலகங்களையும் அரசு ஐ.டி.ஐ.களையும் நடத்துவது ஒரே துறைதான்: வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை. ஐ.டி.ஐ.யில் ஆண்கள் 40 வயது வரை சேரலாம், பெண்களுக்கு உச்ச வயதே இல்லை என்று அத்துறை ஆண்டுதோறும் அறிவிக்கிறது. வேலையின்றி வயது ஏறிக்கொண்டிருப்பவரும் வந்து ஒரு கைத்தொழில் கற்கட்டும் என்ற நல்லெண்ணம் அதில் தெரிகிறது. அரசு ஐ.டி.ஐ.யில் சேர்ந்தவருக்கு மாதம் 750 ரூபாய் தருகிறார்கள். பஸ் பாஸ் உண்டு. வகுப்பில் இருப்பவருக்கும் கையில் காசு வேண்டும் என்பதை அங்கே துறையே ஏற்றுக்கொண்டுவிட்டது. குடிமைப் பணித் தேர்வுக்கு ஆயத்தமாகும் ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்து, ‘நான் முதல்வன்’ திட்டத்தில் மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதங்களுக்குத் தருகிறோம். அதிலும் இதே எண்ணம்தான் இருக்கிறது. நான் அதை மனதாரப் பாராட்டுகிறேன். ஆயிரம் பேருக்கு 7,500 சரி என்றால், பி.எட். வகுப்பில் இருக்கும் ஏழைப் பெண்ணுக்கு 600 எப்படித் தவறாகும்?

புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் தருகிறோமே என்று நீங்கள் சொல்லக்கூடும். அவை பள்ளி முடித்து நேராக உயர்கல்விக்குப் போகும் பிள்ளைகளுக்கானவை. இருபத்தெட்டு வயதில், ஒரு பட்டத்தை வைத்துக்கொண்டு வேலை கிடைக்காமல், மறுபடி படிக்க வருகிறவரை அவை எட்டவில்லை. ஒருவருக்கு வேறு அரசு உதவி கிடைக்கிறது என்றால் இரண்டில் பெரியதை மட்டும் கொடுங்கள், இரட்டைச் செலவு என்ற குறை இருக்காது. எதுவும் கிடைக்காதவரிடமிருந்து இருப்பதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றே கேட்கிறேன்.

இந்த நிபந்தனையில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பிளஸ் டூ முடித்ததும் ஒரு பையன் பள்ளியிலேயே பதிவு செய்கிறான் என்று வையுங்கள். மூன்று ஆண்டு இளங்கலை, இரண்டு ஆண்டு முதுகலை. அவன் படித்துக்கொண்டே இருக்கும்போதே ஐந்து ஆண்டு முடிந்துவிடும். அவன் வேலை தேடியவனே இல்லை. அவனுக்கு வேலையில்லாதோர் உதவித்தொகை கொடுத்தால் திட்டத்தின் நோக்கம் சிதைந்துபோகும். இதைத் தடுக்கத்தான் இந்த நிபந்தனை வந்திருக்க வேண்டும். ஆனால் இடைவெளியே இல்லாமல் படித்துக்கொண்டு போகிறவனும், படிப்பை முடித்துப் பல ஆண்டு வேலை தேடி அலைந்து, வழி தெரியாமல் மறுபடி வகுப்புக்கு வருகிறவளும் ஒன்றல்ல. இருவரையும் பிரித்தறிவது கடினமும் இல்லை. மாற்றுச் சான்றிதழில் தேதி இருக்கிறது. கடைசியாகக் கல்வி நிறுவனத்தை விட்டு வெளியேறி, இரண்டு ஆண்டாவது வேலையின்றி இருந்தவர் மறுபடி படிக்கச் சேர்ந்தால் அவருக்கு உதவி தொடரும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். முறைகேடு செய்ய நினைப்பவனுக்கு வழி கிடைக்காது, தேவைப்படுகிறவருக்குக் கதவு அடைபடாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அன்றாடம் கல்வி நிறுவனத்துக்குப் போகிறவர் என்றால் யார் யார்? குரூப் 4 தேர்வில் தட்டச்சர் பணிக்குப் போட்டியிட விரும்பும் பெண் தினமும் ஒரு மணி நேரம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போகிறாள். அரசுத் தொழில்நுட்பத் தேர்வு எழுதித் தேறாமல் அந்தப் பணிக்கு வர முடியாது. அவள் மாணவியா, வேலையில்லாதவளா? மாலைக் கல்லூரியில் படிப்பவர், காலையில் மூன்று மணி நேரம் மட்டும் கணினிப் பயிற்சிக்குப் போகிறவர் எந்தப் பக்கம்? மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களே தன்னார்வப் பயிலும் வட்டம் என்ற பெயரில் போட்டித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி வகுப்பு நடத்துகின்றன. மிக நல்ல காரியம் அது. அந்த வகுப்புக்கு நாள்தோறும் வருகிறவரை என்னவென்று சொல்வது? விண்ணப்பம் நிரப்ப வருகிறவர்கள் இதைத்தான் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். வாரத்துக்கு இத்தனை மணி நேரத்துக்கு மேல் என்றால் முழுநேரம், அதற்குக் கீழே என்றால் இல்லை என்று ஒரு கணக்கு செய்திக்குறிப்பிலேயே இருந்தால் ஒவ்வோர் அலுவலரும் தம் மனம்போல் முடிவெடுக்க வேண்டியிருக்காது. பிரிட்டனில் வாரம் 16 மணி நேரம் என்ற கணக்கு நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது.

விதி தெளிவாகவும் நியாயமாகவும் இல்லாதபோது மனிதர்கள் பொய் சொல்லப் பழகுகிறார்கள். உதவித்தொகை வாங்குகிறவர் ஆண்டுக்கு ஒருமுறை சுய உறுதிமொழி ஆவணம் கொடுக்க வேண்டும்: வேலையில் இல்லை, படிப்பில் இல்லை என்று கையெழுத்து. கல்லூரிக்குப் போய்க்கொண்டே அதில் கையெழுத்துப் போட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று என்னால் நினைக்க முடியவில்லை. மூன்று மாதத்துக்கு 1,800 ரூபாய். அம்மாவின் மாத்திரைக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் அது வேண்டியிருக்கிறது. உண்மையைச் சொன்னவள் பணத்தை இழக்கிறாள், மறைத்தவளுக்கு வருகிறது. ஆசிரியராக இருந்தவனுக்கு இது மிகவும் வலிக்கிறது. பிள்ளைகளுக்கு நேர்மையைச் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறோம். அவர்கள் அரசிடம் முதன்முதலாகக் கொடுக்கும் கையெழுத்தே பொய்யாக இருக்கும்படி நாமே ஒரு நிலையை உண்டாக்கி வைத்திருக்கிறோம்.

வெளியே என்ன செய்கிறார்கள் என்றும் பார்த்தேன். அமெரிக்காவிலும் முழுநேர மாணவருக்கு வேலையில்லாக் காப்பீட்டுத் தொகை பல மாநிலங்களில் மறுக்கப்படுகிறது. ஆனால் மாநில முகமை ஏற்றுக்கொண்ட தொழிற்பயிற்சியில் இருப்பவருக்கு, வேலைக்கு வரத் தயாராக இல்லை என்று சொல்லி மறுக்கக் கூடாது என 1970இலேயே கூட்டாட்சிச் சட்டம் திருத்தப்பட்டது. ஜெர்மனியில் வேலையிழந்தவர் அங்கீகரிக்கப்பட்ட தொழிற்கல்வியில் சேர்ந்தால் உதவித்தொகை தொடர்கிறது. தகுதிச் சான்றிதழ் தரும் படிப்பு என்றால் 2023 ஜூலை முதல் அதற்கு மேல் மாதம் 150 யூரோ சேர்த்துத் தருகிறார்கள். படிப்பு முடிந்தால் அவர் திரும்ப உதவி கேட்டு வரமாட்டார் என்ற கணக்கு அதில் இருக்கிறது. பக்கத்தில் கர்நாடகத்தின் யுவநிதித் திட்டம் பட்டதாரிக்கு மாதம் 3,000 ரூபாய், டிப்ளமோ முடித்தவருக்கு 1,500 என்று இரண்டு ஆண்டு தருகிறது. தொகையில் நம்மைவிடப் பல மடங்கு. ஆனால் மேற்படிப்பில் சேர்ந்தவருக்குக் கிடையாது என்ற அதே சுவர் அங்கேயும் நிற்கிறது. தமிழ்நாடு அதை முதலில் இடித்தால், சத்துணவைப் போல இதிலும் மற்ற மாநிலங்கள் நம்மைப் பார்த்துச் செய்யும்.

அரசியல் சட்டத்தின் 41ஆவது கூறை நீங்கள் அறிவீர்கள். பொருளாதார வலிமைக்கு உட்பட்டு வேலைக்கான உரிமை, கல்விக்கான உரிமை, வேலையின்மையிலும் முதுமையிலும் நோயிலும் உடற்குறையிலும் பொது உதவி பெறும் உரிமை ஆகியவற்றுக்கு அரசு வழி செய்ய வேண்டும் என்கிறது. மூன்றையும் ஒரே கூறில் சேர்த்து எழுதினார்கள். கல்வியை எடுத்துக்கொண்டால் உதவியை விட்டுவிட வேண்டும் என்று அவர்கள் எழுதவில்லை.

இதற்காகப் புதிய சட்டம் எதுவும் கேட்கவில்லை. அரசாணை ஒன்று போதும். படிப்பு முடித்து இரண்டு ஆண்டாவது வேலையில்லாமல் இருந்து, உதவித்தொகைக்குத் தகுதி பெற்றவர் அங்கீகரிக்கப்பட்ட நேரடிப் படிப்பு ஒன்றில் சேர்ந்தால், அந்த ஒரு படிப்புக்கு மட்டுமாவது அவருக்குரிய மூன்று ஆண்டு முடியும்வரை தொகை தொடரட்டும். நிதித் துறை இதற்கு ஒப்பாவிட்டால், குறைந்தபட்சம் படிக்கும் காலத்துக்கு நிறுத்தி வைத்துவிட்டு, படிப்பு முடிந்தும் வேலை கிடைக்காதபோது மீதி மாதங்களை எந்தப் புதிய காத்திருப்பும் இல்லாமல் கொடுக்க வேண்டும் என்று ஆணையில் தெளிவாக எழுதுங்கள். தட்டச்சு, கணினி, போட்டித் தேர்வுப் பயிற்சி போன்ற பகுதிநேர வகுப்புகள் இந்தத் தடைக்குள் வராது என்பதையும் அதிலேயே சேருங்கள். மாற்றுத்திறனாளிகளுக்குப் பத்தாண்டு உதவி இருப்பதால் அவர்களுக்கு இந்தத் தளர்வு மிகவும் தேவை. அவர்களில் பலர் பள்ளியை முடிக்கவே மற்றவர்களைவிடக் கூடுதல் ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறார்கள்.

தொழிலாளர் நலத் துறையின் மானியக் கோரிக்கை விவாதம் அடுத்து வரும்போது உங்களில் ஒருவராவது எழுந்து, படிக்கச் சேர்ந்ததற்காக மட்டும் கடந்த ஆண்டில் எத்தனை பேருக்கு இந்தத் தொகை நிறுத்தப்பட்டது என்று மாவட்ட வாரியாகக் கணக்குக் கேளுங்கள். விடை சிறிய எண்ணாக இருந்தால் தளர்வுக்கு ஆகும் செலவும் சிறியது. பெரிய எண்ணாக இருந்தால் அத்தனை பேர் படிப்பதற்கு நாம் தடையாக இருந்திருக்கிறோம். உங்கள் தொகுதி அலுவலகத்துக்கு வரும் மனுக்களில் இப்படி ஒன்றாவது இருக்கும். அதையே கையில் எடுத்துக்கொண்டு பேசலாம். வேண்டுமானால் நான் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பங்களின் அனுபவத்தை, பெயர் விவரம் நீக்கி, உங்கள் எவருக்கும் எழுதி அனுப்பத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர்